கிறேசுக்கு ஒருக்கா மட்டும்

மண்டைதீவுக்கு ‘வன் ஓஃப்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தவன் அன்ரனிதாஸ்தான். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்தால் முதலில் கால் வைக்கிற தீவு அது. அதனால் நல்லதோ கெட்டதோ எல்லாம் அங்கேதான் முதலில் வந்து இறங்கும். சண்டை முடிந்த கையோடு ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்து இறங்கியது. அன்ரனிதாஸ் அதில் சில வருஷம் வேலை பார்த்தான். பிறகு நிறுவனம் தன் வெள்ளை வாகனங்களையும் பெயர்ப்பலகைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதன் இங்கிலீசு மட்டும் போகாமல் இவனுடைய வாயில் குடியிருந்துவிட்டது.

அவனைக் கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். செத்த வீட்டுக்கு முதல் ஆளாய் வந்து பந்தல் போடுகிறவன். கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராய் இருந்து ஒரு சதம் வாங்காமல் அலைகிறவன். ஆனால் பதில் சொல்ல வழியில்லாத இடம் வந்தால் உடனே ‘வன் ஓஃப்’ என்பான். நிறுவனம் கட்டிக்கொடுத்த தண்ணீர்த் தொட்டி முதல் மாரிக்கே வெடித்தது. “அது வன் ஓஃப், இனி நடக்காது” என்றான். வலை வாங்கின குடும்பங்கள் அடுத்த வருஷமும் வலை கேட்டுப் போயின. “அது வன் ஓஃப் உதவி, திரும்பக் கேக்க ஏலாது” என்றான். சனத்துக்கு அர்த்தம் சரியாகத் தெரியாது. கதவு பூட்டியாச்சு, வீட்டுக்குப் போ என்பதை இங்கிலீசில் இப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

போகாமல் நின்றவள் கிறேஸ்.

அவள் பிறந்தது ஊர்காவற்றுறைப் பக்கம், கரம்பொனில். சண்டைக் காலத்தில் ஊரூராய் அலைந்து, எமிலியானுசைக் கட்டி, சனம் திரும்பக் குடியேறியபோது அவனோடு மண்டைதீவுக்கு வந்தாள். குரல் பெரிது. கோயிலில் பாட்டு ஒரு பக்கம் போக அவள் இன்னொரு பக்கம் போவாள். முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடுவாள். ஒருநாள் மீன் நிறைந்த அலுமினியப் பேசினோடு பஸ்ஸில் ஏறியவளை, மணக்கிறது என்று சொல்லிக் கொண்டக்ரர் இறக்கப் பார்த்தான். “நீர் இண்டைக்கு மத்தியானம் சோத்துக்கு என்ன கறி தம்பி சாப்பிட்டனீர்?” என்று கேட்டாள். அவன் மீன் குழம்பு என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை. பஸ் சிரித்த சிரிப்பில் அவனே பேசினை உள்ளே தள்ளி வைத்தான். அவளுடைய வாய்க்கு அஞ்சினவர்கள் உண்டு. அவளுடைய வாயால் கெட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

எமிலியானுசுக்குப் பரவைக்கடலில் தொழில். இடுப்பளவுத் தண்ணீரில் தடிகளை நட்டு, வலையை நீளச் சிறகாக இழுத்துக் கட்டி, அதன் முனையில் பட்டி என்கிற வலைக்கூட்டை வைப்பார்கள். நீரோட்டத்தோடு வருகிற இறாலும் மீனும் சிறகைத் தடவிக்கொண்டே வந்து பட்டிக்குள் அடைபட்டுவிடும். விடியப்புறம் போய் அள்ளவேண்டியதுதான். இப்படித் தடி நடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். பாடுகள் கொஞ்சம், கேட்கிற வீடுகள் அதிகம். ஆகையால் வருஷத்துக்கு ஒரு தடவை சங்கக் கட்டடத்தில் கட்டை போடுவார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தன்னுடைய அடையாளம் வெட்டிய மிதப்புக் கட்டை ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்குச் சிலுவை, ஒரு வீட்டுக்கு நண்டுக்கால், எமிலியானுஸ் வீட்டுக்குக் குறுக்காலே மூன்று கீறல். அன்று காலை அள்ளிவந்த கடல் தண்ணீரை ஒரு பெரிய மண் முட்டியில் நிரப்பி, கட்டைகளை அதற்குள் போட்டு, வாயைத் துணியால் மூடுவார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற சங்கிலித்தாம் துணிக்குக் கீழே கையை விட்டு ஒவ்வொன்றாய் எடுப்பார். எடுத்த வரிசைப்படி பாடு. பாடுகள் முடிகிறபோது முட்டிக்குள் எப்போதும் சில கட்டைகள் மிஞ்சிக் கிடக்கும். மிஞ்சின வீட்டார் அந்த வருஷம் மற்றவர்களின் பாட்டில் பங்குக்கு வேலை செய்வார்கள். தண்ணீரில் விழுந்த கட்டையைச் சங்கிலித்தாம் தவிர வேறு யாரும் தொட்டு எடுக்கக்கூடாது. எடுத்தால் கடல் அந்த வருஷம் எல்லாரையும் பட்டினி போடும் என்று நம்பிக்கை. நம்பாதவனும் தொடமாட்டான்.

பெண்கள் கிழிந்த வலை பொத்தலாம், இறால் தரம் பிரிக்கலாம், கருவாடு காயப்போடலாம், சந்தையில் நாள் முழுக்கக் குந்தியிருந்து விற்கலாம். பாடு மட்டும் கேட்க முடியாது. கட்டை போடுகிற நாளில் சங்கக் கட்டடத்தின் படியிலேயே ஏறமாட்டார்கள். வெளியே பூவரச மரத்தடியில் நின்று யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்று பதில் வரும்.

எமிலியானுசுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தபோது கட்டை போடுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் ஜொய்சி பட்டினத்தில் ஒரு கொம்பனிக் கந்தோரில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுடைய சம்பளம் அப்பாவின் மருந்துக்கும் கிளினிக்குக்கும் போய்விடும். அடுப்பு எரிய வேண்டுமென்றால் பாடு வேண்டும். கிறேஸ் நேரே அன்ரனிதாசிடம் போனாள்.

“அவற்ரை கட்டையை இந்த முறை நான் போடுறன், தம்பி.”

“அக்கா, அதுக்குச் சட்டத்திலை இடமில்லை.”

“எந்தச் சட்டம்? எங்கை எழுதி வைச்சிருக்கிறியள்?”

“வழக்கம் அக்கா. இவ்வளவு காலமும் வந்த வழக்கம்.”

“வழக்கத்துக்கு வாதம் வரேல்லை. அவருக்குத்தான் வந்திருக்கு,” என்றாள் கிறேஸ்.

சங்கத்து ஆட்கள் கூடிக் கூடிக் கதைத்தார்கள். எமிலியானுசின் மேல் எல்லாருக்கும் அன்பு, கிறேசின் மேல் எல்லாருக்கும் கொஞ்சம் பயம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாலத்தடியில் ஒரு மூலை கிடந்தது. சாதாழை என்கிற கடற்புல்லும் போத்தல் ஓடும் பழைய ரயரும் நிறைந்த இடம். அதை யாரும் பாடாகவே எண்ணுவதில்லை, முட்டிக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அதை அவளுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். அன்ரனிதாசே வீட்டுக்கு வந்து சொன்னான்.

“கட்டை கிட்டை ஒண்டும் போடத் தேவையில்லை. நேரை போய்த் தடியை நடுங்கோ. ஆனா இது வன் ஓஃப், அக்கா. அண்ணையின்ரை நிலையைப் பாத்துச் செய்யிறது. இதை முன்மாதிரியா வைச்சு ஆரும் வரப்படாது.”

அன்று பின்னேரம் வேலையால் வந்த ஜொய்சியைத் தேத்தண்ணி குடிக்க விடாமலே கிறேஸ் பிடித்துக்கொண்டாள்.

“வன் ஓஃப் எண்டா என்ன பிள்ளை?”

“ஒருக்கா மட்டும் நடக்கிறது அம்மா. பேந்து நடக்காது.”

“அதைத் தமிழிலை சொன்னா அவனுக்கு வாய் நோகுமோ?”

ஜொய்சி சிரித்தாள். “எங்கடை கந்தோரிலை எந்த நாளும் இந்தக் கதைதான். போனஸ் தந்தா வன் ஓஃப். அடுத்த வருஷமும் தா எண்டு கேக்கப்படாது. மனேச்சர் பிழை விட்டா அதுவும் வன் ஓஃப். அதைப் பிடிச்சுக்கொண்டு தொங்கப்படாது. ஒராளுக்கெண்டு அளவெடுத்து ஒரேயொரு கதிரை செய்து குடுத்தா அதையும் வன் ஓஃப் எண்டுவினம். அதைப்போல இன்னொண்டு கடையிலை வாங்கேலாது.”

கிறேஸ் தேத்தண்ணியை மகளுக்கு முன்னால் வைத்தாள்.

“அப்ப தரேக்கை இனி வராதே எண்டு அர்த்தம். பிழை விடேக்கை இனிக் கேக்காதே எண்டு அர்த்தம். இதை ஆர் சொல்லுறது? தாறவனோ, வாங்கிறவனோ?”

“தாறவன்தான் அம்மா,” என்றாள் ஜொய்சி. “வாங்கிறவன் சொல்லி நான் ஒருநாளும் கேக்கேல்லை.”

கட்டிலில் படுத்திருந்த எமிலியானுசின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. குறும்புக்கு மட்டும் வாதம் வரவில்லை. “என்னைக் கட்டினதும் உனக்கு வன் ஓஃப்தானே?” என்று இழுத்து இழுத்துக் கேட்டான். “ஓம். உந்தப் பிழையை இன்னொருக்கா விடமாட்டன்,” என்று சொல்லிவிட்டு அவள் அவனுடைய தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.

மூலையைத் துப்புரவாக்க அவளுக்குத் துணை வந்தவள் ஸ்ரெலா. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவள், கிறேசைவிட நல்லாய் இளையவள். அவளுடைய புருஷன் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறினவன்தான், உயிரோடிருக்கிறானா என்றுகூட ஒரு சேதி வரவில்லை. கூலிக்கு வலை பொத்திப் பிள்ளைகளை வளர்த்தாள். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவள். ஆனால் தண்ணீரில் இறங்கினால் கரையேற மனமில்லாதவள். இரண்டு பேருமாகச் சாதாழையை அள்ளி அள்ளிக் கரையில் எறிந்தார்கள். ரயர்களை உருட்டி வெளியே எடுத்தார்கள். போத்தல் ஓடு வெட்டி இரண்டு பேரின் காலிலும் இரத்தம். போட்டில் போன ஆண்கள், “என்ன அக்கா, பாலத்துக்கு அத்திவாரமோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள். “ஓம், உங்களைப் புதைக்க,” என்று கிறேசும் விடாமல் பதில் சொன்னாள்.

ஆரம்பத்தில் பட்டிக்குள் வெறும் சொத்தி நண்டும் சாதாழையும்தான். பிறகு மாரி பெய்தது. பாலத்துக்குக் கீழே நீரோட்டம் வேகம் பிடித்தது. ஒரு விடியற்காலையில் பட்டிக்குள் வெள்ளை இறால் துள்ளித் துள்ளித் தண்ணீரே கொதிப்பதுபோலக் கிடந்தது. ஸ்ரெலா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கிறேசுக்கு அழுகை வந்துவிட்டது. புருஷன் விழுந்த அன்றைக்கும் அழாதவள், அன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாய்விட்டு அழுதாள். அது முழுச் சந்தோஷம். தன்னுடைய கையால் தான் பிடித்தது என்ற சந்தோஷம். அது கிடைத்தபின் பழையபடி மற்றவன் பிடித்ததை விற்கிறவளாக மட்டும் இருக்க அவளால் முடியாது.

மூலையில் இறால் விழுகிறது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஒருநாள் யாரோ மோட்டர் போட்டை அவளுடைய சிறகுக்கு மேலால் ஓட்டி வலையைக் கிழித்துவிட்டுப் போனான். முறையிடப் போனாள். “தெரியாமல் நடந்திருக்கும் அக்கா, வன் ஓஃப்,” என்றான் அன்ரனிதாஸ். வலையைப் பொத்திக் கட்டினாள். திரும்பவும் கிழித்தார்கள். இந்தமுறை அவள் முறையிடப் போகவில்லை. கிழிந்த சிறகை அப்படியே, சாதாழையும் செத்த மீனுமாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சங்கக் கட்டடக் கதவில் தொங்கவிட்டாள். வெயிலேற நாற்றம் கோயில் வரைக்கும் போயிற்று. மூக்கைப் பொத்திக்கொண்டு அன்ரனிதாஸ் ஓடிவந்தான்.

“என்னக்கா இது?”

“வன் ஓஃப் தம்பி. ரெண்டாவது வன் ஓஃப். மூண்டாவதும் வந்தா அதையும் இஞ்சைதான் கொண்டுவந்து தொங்கவிடுவன்.”

மூன்றாவது வரவில்லை. போட்டுகள் பாலத்தடியைச் சுற்றிப் போகவேண்டும் என்று சங்கம் அறிவித்தது.

அடுத்த வருஷக் கோயில் திருநாளுக்கு லண்டனிலிருந்து ஷாருஜன் வந்தான். அன்ரனிதாசின் பெரியம்மாவின் மகன். சின்ன வயதிலேயே போனவன். சங்கத்துக்கு ஒரு பெரிய ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. கிறேசின் கதையைக் கேள்விப்பட்டு, விடியப்புறம் எழும்பிக் கரைக்கு வந்து, அவள் இறால் அள்ளுவதைப் போனில் படம் பிடித்தான். அவள் கரையேறியதும் கையைப் பிடித்துக் குலுக்கி, “அன்ரி, யூ ஆர் எ வன் ஓஃப்!” என்றான்.

கிறேசின் முகம் போன போக்கைப் பார்த்துப் பொடியன் பயந்துபோனான். “நல்ல கருத்திலைதான் அன்ரி சொன்னனான். ஆக்களுக்குச் சொன்னா அது பெரிய புகழ். உங்களைப்போல உலகத்திலை இன்னொராள் இல்லை எண்டு அர்த்தம்.”

உண்மையைச் சொன்னால் கிறேசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாருக்குத்தான் குளிராது? வீட்டுக்குப் போய் எமிலியானுசுக்குச் சொன்னாள். “உலகத்திலை இன்னொராள் இருந்தா உலகம் தாங்காது,” என்றான் அவன். அன்று முழுக்க அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். கட்டை போடுகிற நாளில் அவளைச் சங்கக் கட்டடத்துக்குள் அழைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம், பாலத்தடி மூலையை ஆயுளுக்கும் அவளுக்கே எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம் என்று கதை வந்தது. அதையும் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் ஸ்ரெலா வந்து குசினி வாசலில் நின்றாள். வந்தால் உள்ளே வந்து ஏதாவது வேலையைக் கையில் எடுக்கிறவள், அன்று நின்றபடி நின்றாள்.

“நானும் இந்த முறை கட்டை போடப் போறன் எண்டு கேட்டனான், அக்கா.”

“கேட்டனியோ! நல்ல வேலை. என்னவாம்?”

“ஏலாதாம்.” ஸ்ரெலாவின் குரல் நடுங்கியது. துக்கத்தில் அல்ல, கோபத்தில் என்பது கிறேசுக்குப் பிறகுதான் விளங்கியது. “கிறேஸ் அக்கா வேறையாம். அவ வன் ஓஃபாம். எல்லாப் பொம்பிளையளும் கிறேசாக ஏலுமோ எண்டு அன்ரனி அண்ணை கேட்டவர். பக்கத்திலை நிண்டவை எல்லாம் ஓம் எண்டு தலையாட்டினவை.”

கிறேஸ் அகப்பையைக் கீழே வைத்தாள். முதல் வருஷம் அந்தச் சொல்லால் அவளுக்கே கதவைச் சாத்தினார்கள். இப்போது அதே சொல்லைப் பூமாலையாகக் கட்டி அவளுடைய கழுத்தில் போட்டு, மற்றப் பெண்கள் எல்லாருக்கும் கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள். அதைவிட, ஒரு நாள் முழுக்க அந்தப் புகழை வைத்துக்கொண்டு தான் நிமிர்ந்து நடந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“உனக்குக் கட்டை இருக்கோ?” என்று கேட்டாள்.

“அவற்ரை வீட்டுக் கட்டையை மாமியார் தரமாட்டன் எண்டிட்டா.”

“அப்ப புதுசா ஒண்டு செதுக்கு. உன்ரை அடையாளத்தைப் போடு.”

தானும் கட்டை போடப்போவதை வீட்டில் சொன்னபோது ஜொய்சிதான் முதலில் எதிர்த்தாள். “அம்மா, மூலையை ஆயுளுக்கும் தாறன் எண்டு அவையே சொல்லீனம். நீங்கள் முட்டிக்குள்ளை கட்டையைப் போட்டா அது வந்தாலும் வரும், வராமலும் விடும். அப்பாவின்ரை மருந்துக்கு என்ரை சம்பளம் மட்டும் காணுமோ?”

“காணாது,” என்றாள் கிறேஸ். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. “ஆனா அந்த மூலை எனக்குக் குடுக்கிறேல்லை, பிள்ளை. என்னை அந்த மூலைக்குள்ளை வைச்சுப் பூட்டுகினம். நான் போனபிறகு, அப்பிடி ஒருத்தி இருந்தவ எண்டு கதை மட்டும் மிஞ்சும். எனக்கு உரிமை இருக்கோ இல்லையோ? இருந்தா எல்லாருக்கும் இருக்கிற மாதிரி இருக்கட்டும். கட்டை வராட்டி வராமல் விடட்டும்.”

எமிலியானுஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். அது அவனுடைய தகப்பனின் கட்டை, அதற்கு முன் பாட்டனின் கட்டை. பிறகு நல்ல கையைத் தூக்கி அலுமாரியைக் காட்டினான்.

“மேல் தட்டிலை கிடக்கு. எடு.”

கட்டை போடுகிற நாள் வந்தது. பாதர் வந்து முட்டிக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். உள்ளே ஆண்கள் நிறைந்திருந்தார்கள், வெளியே பூவரசடியில் பெண்கள். கட்டைகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. துணியைப் போட்டு மூடுவதற்கு முன் சிறப்பு நிகழ்ச்சி என்று அன்ரனிதாஸ் ஒலிவாங்கியைத் தட்டினான். மஞ்சள் பொன்னாடையோடு ஷாருஜன் தயாராய் நின்றான்.

“எங்கடை ஊருக்குப் பெருமை தேடித்தந்த கிறேஸ் அக்காவை மேடைக்கு அழைக்கிறோம். அவவைப்போல இன்னொருவர் இல்லை. அதாலை சங்கம் விசேஷமா ஒரு தீர்மானம் எடுத்திருக்கு.”

கிறேஸ் படியேறினாள். தனியே ஏறவில்லை. ஸ்ரெலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. ஷாருஜன் பொன்னாடையை விரித்தான்.

“மடிச்சு வையும், தம்பி. உம்மிலை கோபமில்லை,” என்றாள் கிறேஸ். ஒலிவாங்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. “எல்லாரும் கேளுங்கோ. என்னைப்போல இன்னொராள் இல்லை எண்டு சொல்லுறியள். பொய். இஞ்சை நிக்கிறாள் ஒருத்தி. என்னோடை சேந்து அந்த மூலையைத் துப்புரவாக்கினவள். வெளியிலை நிக்கிற அவ்வளவு பேரும் இருக்கினம். எனக்கு நீச்சலும் தெரியும் வலையும் தெரியும் எண்டா, இவையளுக்கும் தெரியும். ஒருத்தியை மட்டும் தூக்கிவைச்சு மற்றவையைக் கீழை தள்ளிற புகழ் எனக்கு வேண்டாம். அந்த மூலையும் வேண்டாம். நான் வன் ஓஃப் இல்லை!”

சொல்லி முடித்த கையோடு முட்டியருகே போனாள். மூன்று கீறல் போட்ட பழைய கட்டை தண்ணீரில் விழுந்தது. பக்கத்தில் ஸ்ரெலா, வலை ஊசி அடையாளம் வெட்டிய தன்னுடைய புதுக் கட்டையைப் போட்டாள்.

கூச்சல் கிளம்பியது. “எடு! வெளியிலை எடு!” என்று பின்வரிசை கத்தியது. ஒருவர் முட்டியை நோக்கிப் பாய்ந்தார். பாய்ந்தவர் முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். தண்ணீருக்குள் எல்லாருடைய கட்டைகளும் ஒன்றாய் மிதந்துகொண்டிருந்தன. அவருடையதும் அதற்குள்தான் இருந்தது. சங்கிலித்தாம் எழுந்து வந்து முட்டியைத் துணியால் மூடினார்.

“விழுந்தது விழுந்ததுதான்,” என்றார் பிறகு. “தொடுறவர் வந்து தொடட்டும். வருஷம் முழுக்க ஊருக்கு அவர்தான் பதில் சொல்லவேணும்.”

யாரும் வரவில்லை. அன்ரனிதாஸ் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். அவனுக்கு அந்த நேரம் இங்கிலீசும் கைகொடுக்கவில்லை.

கட்டைகள் வரத் தொடங்கின. நண்டுக்கால் வந்தது. சிலுவை வந்தது. கிறேஸ் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். பாதிக்கு மேல் போனபிறகு சங்கிலித்தாம் ஒரு கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பழக்கமில்லாத அடையாளம்.

“வலை ஊசி,” என்றார்.

பூவரசடியில் எழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் பறந்தன. ஸ்ரெலா கிறேசின் தோளில் முகத்தைப் புதைத்தாள். கிடைத்தது நடுப்பாடு, மோசமில்லாத பாடு. பிறகும் கட்டைகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வேறொருவருடையது. கடைசிப் பாடும் போயிற்று. சங்கிலித்தாம் துணியை எடுத்தார். முட்டிக்குள் மிஞ்சிக் கிடந்த கட்டைகளில் மூன்று கீறல் கட்டையும் ஒன்று.

யாரும் சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். எமிலியானுஸ் வீட்டில் காத்துக்கொண்டு கிடப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். கிறேஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அன்ரனிதாஸ் கிட்ட வந்தான். உண்மையிலேயே அவனுக்கு மனம் பொறுக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, “அக்கா, சொன்னதை மறவுங்கோ. பாலத்தடி மூலை அப்பிடியேதான் கிடக்கு. உங்களுக்கு மட்டும் விசேஷமா...” என்றான்.

“வேண்டாம், தம்பி. அதை நான் எடுத்தா, நாளைக்கு ஸ்ரெலாவின்ரை கட்டையும் விசேஷத்துக்கு விழுந்தது எண்டு சொல்லுவியள். அந்த மூலை இப்ப நல்ல பாடு. அடுத்த முறை அதையும் முட்டிக் கணக்கிலை சேருங்கோ. இந்த வருஷம் நான் ஸ்ரெலாவின்ரை பாட்டிலை பங்குக்கு நிப்பன்.”

“அப்ப நான் உங்களுக்கு என்னத்தைத்தான் செய்யிறது, அக்கா?”

கிறேஸ் சுவரை விட்டு நிமிர்ந்தாள். “கட்டை மிஞ்சின ஆம்பிளையளுக்கு என்ன சொல்லி அனுப்புறனீர்?”

அன்ரனிதாஸ் ஒலிவாங்கியின் வயரைக் கையில் சுற்றினான்.

“சொல்லும். வருஷா வருஷம் சொல்லுறதுதானே. எனக்கும் அதைச் சொல்லும். எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்.”

அவன் முட்டியைப் பார்த்தான், சங்கிலித்தாமைப் பார்த்தான், யன்னலை அடைத்துக்கொண்டு நின்ற பெண்களின் முகங்களைப் பார்த்தான். ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

“அடுத்த வருஷம் வாங்கோ, அக்கா.”

“வருவன்,” என்றாள் கிறேஸ்.